கல்தரை நியாயஸ்தர்

கறார்க்காரர்களில் பல ரகம் உண்டு. அடுத்தவர் நெற்றியில் வழிகிற வியர்வையை வைத்தே நியாயத்தை அளக்கிற ரகம் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ரகத்தின் அசல் சரக்கு, ஒரு கால்ஃப் மைதானத்தின் போட்டிக்குழுத் தலைவர். பெரிய சாம்பியன்ஷிப் தம் மைதானத்துக்கு வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனிதர் பல் துலக்குகிறாரோ இல்லையோ, விடிந்ததும் வந்து, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, அதை க்ரீன் என்பார்கள், குதிகாலால் மிதிப்பார், குடை நுனியால் இடிப்பார், பானை வாங்க வந்தவர்போலக் குனிந்து விரலால் தட்டிப் பார்ப்பார், கடைசியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மெத்தை மாதிரி இருக்கு. தண்ணிய நிறுத்துங்க" என்பார். தரை இறுகினால் பந்து நிற்காமல் ஓடும். ஓடினால் ஆட்டக்காரன் திண்டாடுவான். திண்டாடினால் அது நியாயமான போட்டி. இதுதான் அவர் கணக்கு.

தாம் ஆடும்போது மட்டும் பந்து கரடுமுரடான இடத்தில் விழுந்தால், யாரும் பார்க்காத நேரத்தில் காலால் நகர்த்திக்கொள்வார். கேட்டால் முழங்கால் வலியாம்!

"சார், மதியம் காத்தடிச்சா புல்லு கருகிடும்" என்று மைதானப் பராமரிப்பாளர் ஒரு தடவை வாயைத் திறந்தார். தலைவர் ஒரு முறை முறைத்தார். "இறுகட்டும் சார், அதான் அழகு" என்று அதே வாய் உடனே மாற்றிப் பேசியது. சரியான ஜால்ரா.

கடைசி நாள் மதியம். வெயிலும் காற்றும் சேர்ந்துகொண்டு பதினாலாம் குழியின் க்ரீனைக் கண்ணாடியாக்கிவிட்டன. முதலிடத்தில் இரண்டு பேர் சமமாக நின்றார்கள். ஒருவர், வாழ்நாளெல்லாம் ஆடியும் பெரிய பட்டம் கிட்டாத நெட்டையர். இடுப்பு ஒத்துழைக்காததால் இதோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டவர். அடுத்த ஜோடியில் வந்துகொண்டிருந்த இன்னொருவர், தலைவருடைய மாப்பிள்ளை.

நெட்டையர் பந்தை லேசாகத் தொட்டார். அது குழியைத் தாண்டி, சரிவில் வேகமெடுத்து, கீழே மணலில் போய் விழுந்தது. மேலே ஏற்றினார். திரும்பி அவர் காலடிக்கே உருண்டு வந்தது. ஓரமாய் நின்ற தலைவரிடம் போனார்.

"சார், இது ஆட்டமா? பந்து நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் தண்ணி தெளிக்கச் சொல்லுங்க."

"தம்பி, தரை எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒருத்தருக்கு ஒரு மாதிரி, இன்னொருத்தருக்கு ஒரு மாதிரின்னு மாத்தினா அது நியாயமா?"

எப்பேர்ப்பட்ட வாக்கு! அடி குறைந்தவருக்கே பட்டம் என்கிற ஆட்டத்தில், நெட்டையர் அந்த ஒரு குழியிலேயே மூன்று அடி கூடுதலாக அடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்.

தலைவரின் போன் அடித்தது. மகள்.

"அப்பா, டிவியில பாத்துட்டுத்தான் இருக்கேன். அடுத்து இவர்தான் வர்றாரு."

"தரை எல்லாருக்கும்..."

"தோத்தா ஒரு மாசம் வீட்ல யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசமாட்டாரு. நீங்களே வந்து கூட இருங்க."

மாப்பிள்ளையோடு ஒரு மாதம்! கறார்க்காரர் போனை வைத்தார். குனிந்தார். இத்தனை நாள் இடித்த அதே தரையைத் தடவிக்கொடுத்தார்.

"புல்லு பாவம், தவிக்குது. குழாயக் கொண்டு வாங்க."

"தெளிக்கலாம் சார், அதான் அழகு" என்றார் பராமரிப்பாளர்.

மாப்பிள்ளையின் பந்து ஈரத்தில் சமர்த்தாக நின்றது. பட்டம் இரண்டு அடி வித்தியாசத்தில் மாப்பிள்ளைக்கு.

பரிசளிப்பு முடிந்ததும் நெட்டையர் வந்து, "அந்தத் தண்ணி கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே சார்" என்றார்.

"சாம்பியன்னா அதிர்ஷ்டமும் வேணும் தம்பி" என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார் தலைவர். வயிறு எரிகிறதா இல்லையா? நெட்டையர் பையைக் காரில் போட்டுக்கொண்டு போனவர்தான், அதற்குப் பிறகு மட்டையைத் தொடவில்லை.

சே, என்ன மனிதர் என்கிறீர்களா? மெதுவாகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டபோது, "கேள்வி கஷ்டமா இருந்தாத்தான் தரம்" என்றது யார்? மறு வருடம் உங்கள் பிள்ளை அழுதுகொண்டு வந்த அன்று, "பாடத்துலயே இல்லாததக் கேட்டா எப்படி?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியது யார்? கேள்வித்தாளைத் திருத்தும் அதிகாரம் உங்கள் கையில் இல்லை. அதனால் நல்லவராகவே இருக்கிறீர்கள்.