நக்கலும் நக்கிளும்

பொழுது விடிவதற்குள் மலையடிவாரப் பட்டறை வாசலில் லாரிகள் வரிசை கட்டிவிடும். ஹாரன் அடிக்கக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. முக்கியமாக, யாரும் சிரிக்கக் கூடாது. எல்லாம் நக்கிள் சாமியின் உத்தரவு!

நக்கிள் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்காக: லாரியின் முன் அச்சில், முனைக்கு ஒன்றாக இரண்டு இரும்பு மூட்டுகள் இருக்கும். அதுதான் நக்கிள். சக்கரம் மாட்டியிருப்பது அதில்தான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் திரும்புவதும் அதுதான். பாறையிலும் பள்ளத்திலும் லாரி குதிக்கிற குதியெல்லாம் அதன் கழுத்தில் வந்து இறங்கும். போதாக்குறைக்கு நம் ஆட்கள் பெரிய டயராக மாட்டி, அளவுக்கு மேல் கல்லையும் ஏற்றுவார்கள். இரும்பும் எவ்வளவுதான் தாங்கும்? கழுத்தில் மயிரிழை விரிசல் விடும். ஒருநாள் படக்கென்று உடையும். சக்கரம் ஒரு பக்கம் போகும், லாரி ஒரு பக்கம் போகும்.

"டயரை மாத்துங்கடா, விரிசல் விட்ட நக்கிளைத் தூக்கிப் போடுங்கடா" என்று பட்டறை மெக்கானிக் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினார். யார் கேட்டார்கள்? புது நக்கிள் வரும்வரை வண்டி சும்மா நிற்க வேண்டுமே!

அந்த நேரம் பார்த்து வந்து இறங்கினார் சாமி. "நக்கிள் உடைஞ்சு போச்சு சாமி" என்று ஒரு டிரைவர் அழுதான். சாமியின் காதில் அது எப்படி விழுந்ததோ, கண்ணை உருட்டினார்.

"நக்கலா? மலையையே நக்கல் பண்ணீங்களா? அதான் அதுக்குக் கோபம்!"

அடேயப்பா, என்ன ஞானம்! அன்றிலிருந்து டிரைவர்கள் எல்லாரும் பல் வலிக்காரர்களைப் போல உம்மென்று மலை ஏறினார்கள்.

சாமியின் பூஜையும் லேசுப்பட்டதில்லை. சக்கரத்தைக் கழற்றி, நக்கிளின் கழுத்தில் 'ஞானத் தைலம்' பூசுவார். சற்று நேரம் கண்ணை மூடி முணுமுணுப்பார். துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை ஊதுவார். சில வண்டிகளில் ஒன்றும் தெரியாது. சில வண்டிகளில் வெள்ளைப் பொடி மேல் கருப்பாக ஒரு கோடு மெல்ல எழும்பும். கூட்டம் ஐயோ என்று அலறும்.

"பாத்தியா, மலையோட கோபக் கோடு!"

காணிக்கை வைத்ததும் கோபம் தீர்க்கும் படலம். நக்கிளைக் கழுவி, ஊதுவிளக்கு நெருப்பால் வாட்டி, ஆறினதும் மறுபடி பொடி ஊதுவார். கோடு மாயம்! காணிக்கை தராமல் போன ஒருவனின் நக்கிள் பாதி மலையில் உடைந்தது. சாமியின் புகழ் கொடிகட்டிப் பறந்தது. காணிக்கை தந்தவனுக்கும் ஒருநாள் உடைந்தது. அவனுக்கு நம்பிக்கை பத்தவில்லையாம்!

ஒருநாள் வந்தது ஒரு மீசைக்கார டிரைவரின் லாரி. கோடு எழும்பியது, காணிக்கை விழுந்தது, கோடு மறைந்தது. சக்கரத்தை மாட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான் பாக்கி. பின்னால் சுமையாட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் மீசைக்காரரின் மனைவி கையில் பையோடு வந்து சேர்ந்தார். தையல்கடை வைத்திருப்பவர்.

"என்னங்க, கொஞ்சம் நில்லுங்க. சாமி, கோபம் முழுசாப் போயிடுச்சா?"

"சுத்தமாப் போயிடுச்சு தாயே."

"அப்ப நான் ஒரு தடவை பாத்துக்கலாமா?"

"ஏய், எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதே" என்று மீசை பல்லைக் கடித்தார்.

"உங்க உசுரு போனா மானத்தை வச்சு நான் என்ன பண்றது?" என்று அந்த அம்மாள் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

பையிலிருந்து மண்ணெண்ணெய் வந்தது. நக்கிளின் கழுத்தில் தடவினார். மந்திரம் எதுவும் சொல்லவில்லை. காத்திருந்த நேரத்தில் மீசைக்காரரின் கிழிந்த சட்டைக் கையைப் பார்த்து முணுமுணுத்ததுதான். துணியால் நன்றாகத் துடைத்தார். துணியில் அடையாளம் போடுகிற சாக்குக்கட்டியைப் பொடியாக்கித் தூவினார்.

கோடு வந்தது. அதே இடம், அதே நீளம்.

கூட்டம் வாயைப் பிளந்தது. சாமி மட்டும் சுதாரித்துக்கொண்டார். "பொம்பளை கை பட்டதும் மலைக்குத் திரும்பக் கோபம் வந்துடுச்சு!"

"அப்படியா?" அம்மாள் எழுந்து அந்தப் பக்கச் சக்கரத்தையும் கழற்றச் சொன்னார். அதே எண்ணெய், அதே பொடி, அதே பொம்பளை கை. கோடு வரவில்லை.

"ஏன் சாமி, மலை இடப்பக்கம் மட்டும்தான் கோவிச்சுக்குமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அம்மாள் பையிலிருந்து தையல் மெஷினின் பழைய கைச்சக்கரத்தை எடுத்து வைத்தார். அதிலும் தடவி, துடைத்து, தூவினார். கருப்பாக ஒரு கோடு.

"இது மலைப்பக்கம் வந்ததே இல்ல. வீட்டுல பாவாடைக்கு ஓரம் அடிச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. கீழே விழுந்து விரிசல் விட்டுடுச்சு. எவ்வளவு துடைச்சாலும் உள்ள போன எண்ணெய் வெளிய கசிஞ்சு வெள்ளைத் துணியில கோடு போடும். உங்க தைலத்துலயும் மண்ணெண்ணெய் வாடைதானே அடிக்குது? நெருப்புல காட்டினா எண்ணெய் காயும், கோடு மறையும். விரிசல் எங்க சாமி போகும்?"

"என்னம்மா, நக்கலா?" என்று சாமி சீறினார்.

"இல்ல சாமி, நக்கிள்!"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மலை கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி, கோபம் தீந்துடுச்சுன்னா நீங்களே முன்சீட்டுல ஏறுங்க. மேல போயிட்டு வரலாம்" என்றார் அம்மாள்.

"எனக்கு... முட்டி வலி" என்றார் சாமி.

மெக்கானிக் அந்த நக்கிளைக் கழற்றி, இடுக்கியில் இறுக்கி, சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு போட்டார். கோடு விழுந்த இடத்திலேயே படக்கென்று இரண்டாகிவிட்டது. சுமையாட்கள் ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் லாரியிலிருந்து இறங்கினார்கள். மீசைக்காரர் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

எல்லாரும் தேடும்போது சாமியைக் காணோம். முட்டி வலிக்காரர் என்ன ஓட்டம் ஓடினார் தெரியுமா!

தைலப் புட்டியும் பொடி டப்பாவும் பட்டறையிலேயே கிடக்கின்றன. மெக்கானிக் இப்போது அவற்றைக் கொண்டுதான் விரிசல் பார்க்கிறார், காணிக்கை இல்லாமல். பார்க்கப்போனால் அந்தச் சாமி காட்டிய கோடு பொய்யே இல்லை. "இதோ உன் வண்டி உடையப் போகிறது" என்று அது பச்சையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாம்தான் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அவன் பொடியைத் தூவியது இரும்பின் மேல் என்றா நினைத்தீர்கள்? கண்ணைக் கசக்கிப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.