எலிவாலில் கண் கண்டவள்

அரைகுறையாகப் படித்தவர்களுக்கு இருக்கும் தைரியம் முழுதாகப் படித்தவர்களுக்கு இருப்பதில்லை. எனக்கு அந்தத் தைரியம் அமோகமாக இருந்தது. ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்த சமயம், அங்கே ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். எலிக் கருவில் கண் உருவாகும்போது, அதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும் பாக்ஸ்-6 என்ற புரதம் எங்கெங்கே தலைகாட்டுகிறது என்று பார்க்க வேண்டும். புரதம் இருக்கும் இடம் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். (குன்றத்தூரில் எங்கள் தெருவுக்கு நான் எலிக் கண் டாக்டர்.) ஸ்லைடுகள் சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் ஸ்லைடைப் பார்க்க வேண்டிய நாள் பார்த்து ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூஜை. கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்த அப்பா, காலையிலேயே மஞ்சளும் குங்குமமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

"பொட்டு வெக்காம வுட்டா எந்த மெஷினும் ஓடாதும்மா."

நுண்ணோக்கிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் மஞ்சள் குழைத்துப் பூசினேன். கையுறை போட்டால் பக்தி குறைந்துவிடும் என்று வெறுங்கையால். அதே கையோடு ஸ்லைடையும் எடுத்து வைத்தேன்.

கண் ஒளிர்ந்தது. வாலும் ஒளிர்ந்தது! வேறொருத்தி என்றால் சந்தேகப்பட்டிருப்பாள். நான் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, எலிக்கு வால்லயும் கண்ணு முளைக்கப் பார்க்குது! உலகத்துலயே நான்தான் முதல்ல பார்த்தேன்."

"இன்னாமா சொல்ற! இரு, கம்பெனி பஸ்ல பசங்களாண்ட சொல்றேன்."

ஆய்வுக்கூடத்தின் தலைவி மேடம் வந்து குனிந்து பார்த்தார். ஸ்லைடை வெளியே எடுத்தார்.

"ஒண்ணும் இல்லாத வெறும் ஸ்லைடு ஒண்ணு வைம்மா."

வைத்தேன். அதுவும் ஒளிர்ந்தது.

"இப்ப உன் விரலை வை."

விரல் ஜெகஜ்ஜோதியாக ஒளிர்ந்தது.

"மஞ்சளும் இந்த வெளிச்சத்துல பச்சையா மின்னும்மா. எலி வால்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் உன் கையிலதான் இருக்கு."

பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது. கை கழுவி, கையுறை மாட்டி, எல்லா ஸ்லைடுகளையும் முதலிலிருந்து போட்டேன். இந்த முறை கண் அழகாக ஒளிர்ந்தது. வால் தேமே என்று கிடந்தது. வேலையும் நிரந்தரமானது.

ஆனால் அப்பாவின் ஷிப்ட் பஸ் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மறுத்துச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. என் கல்யாணத்துக்கு அந்த பஸ் கூட்டம் மொத்தமும் வந்தது. மேடையேறிய ஒருவர் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினார்.

"உஷாரா இரு மாப்ள. எலி வால்லயே கண்ணு கண்டுபுடிச்ச பொண்ணு. அது சொன்னா சொன்னதுதான்!"

விஷயம் என்னவென்று அன்றே விசாரித்துத் தெரிந்துகொண்டார் என்னைக் கட்டிக்கொண்ட மனுஷன். இன்றும் நான் எதையாவது அடித்துப் பேசினால் அவர் எதிர்த்துப் பேசுவதே இல்லை. என் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார்.