குளிர்கால பியரும் பாயசத்துக்கு நாலு புள்ளியும்

மனோர் பார்க்,
12.12.1993

மதிப்பும் அன்பும் நிறைந்த அத்தான் ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களுக்கு,

இவ்விடம் எல்லோரும் நலம், அவ்விடம் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க முருகன் துணை என்று எழுதுவதுதான் முறை. பின்பாதியை மனதார எழுதுகிறேன். முன்பாதியை எழுதக் கை வரவில்லை. உங்கள் தங்கை சிவமலர் என்னோடு பேசி இன்றோடு ஏழு நாள். சோறு வருகிறது, கறி வருகிறது, பேச்சு வருவதில்லை. நீங்கள் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்து இரண்டு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்ற நம்பிக்கையில் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என்னோடு தபால் பிரிக்கும் கந்தோரில் செல்லப்பன் என்றொரு மலேசியாக்காரர் வேலை செய்கிறார். அவரும் மூன்று வெள்ளைக்காரச் சிநேகிதர்களும் குளிர்காலம் வந்தால் சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு பப்பில் கூடுவார்கள். சின்னச் சின்ன இடங்களில் குளிருக்கென்றே காய்ச்சும் பியர்களைக் கால் கிளாஸ் கால் கிளாஸாகச் சுவைத்து, பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி போடுவார்கள். இம்முறை புள்ளி எழுதுகிறவர் கால் முறிந்து படுக்கையில். "சார், நீங்க குடிக்க வேணாம் லா. சும்மா பேனா பிடிச்சா போதும்" என்றார் செல்லப்பன். பேனாதானே என்று போனேன்.

போன இடத்தில் ஒரு கிளாஸை நீட்டினார்கள். கறுப்பாக, கசாயம் மாதிரி இருந்தது. மரியாதைக்கு ஒரு வாய் வைத்தேன். "இதுக்குள்ளை கராம்பு கிடக்கு, தோடம்பழத் தோல் கிடக்கு, கொத்தமல்லியும் கிடக்கு" என்று செல்லப்பனிடம் சொன்னேன். அவர் அதை இங்கிலீசில் சொல்ல, பப் முதலாளி காய்ச்சியவருக்கே போன் போட்டுக் கேட்டார். மூன்றும் சரி. அத்தான், இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம். அடுத்த கவுண்டருக்குப் போ, வேறு போர்ம் நிரப்பு என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர் பேச்சை நிறுத்திவிட்டு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த சனியும் போனேன், அதற்கடுத்த சனியும் போனேன். சிவமலருக்கு ஓவர்டைம் என்று சொன்னேன். அது பிழைதான்.

மூன்றாம் சனிக்கு மறுநாள், எங்கள் கலாவதியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சவுத்தாலிலிருந்து வந்தார்கள். இராஜேந்திரன், மனைவி கனகாம்பிகை, பையன். பையன் நல்ல பிள்ளை. கலாவதியே என் காதுக்குள், "ஓகே அப்பா" என்றாள். கனகாம்பிகை தன் கையால் காய்ச்சிக் கொண்டுவந்த பாயசத்தை ஒரு கிளாஸில் ஊற்றித் தந்து, "எப்பிடியண்ணை இருக்கு?" என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது, அத்தான். கை தானாகவே கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தது, ஒரு சுழற்றுச் சுழற்றியது, மூக்கு உள்ளே போனது. ஒரு வாய் எடுத்து இரண்டு கன்னத்திலும் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "நிறம் நல்லம். நெய் முன்னுக்கு நிக்குது. ஏலக்காய் பிந்தி வருது. நடுவிலை ஒண்டுமில்லை. முடிவிலை அடிப்பிடிச்ச வாசம். பத்துக்கு நாலு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பப்பில் காரணம் சொல்லாமல் புள்ளி போட விடமாட்டார்கள். ஆகவே, "காய்ச்சின ஆளுக்குப் பொறுமை காணாது" என்றும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது கனகாம்பிகை கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். இராஜேந்திரன் மப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். "இன்னும் கொஞ்சம் இருந்தால் எங்களுக்கும் புள்ளி போடுவார். எழும்புங்கோ, போவம்" என்றார் கனகாம்பிகை. "இவருக்குக் காய்ச்சல், தெரியாமல் கதைக்கிறார்" என்று சிவமலர் கார் வரைக்கும் பின்னால் ஓடினாள். கலாவதி மேலே போய் அறைக் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லச் சாத்தினாள்.

"உந்தப் புள்ளி போடுறதை எங்கை பழகினனீங்கள்?" என்று சிவமலர் கேட்டாள். சொன்னேன். "அப்ப ஓவர்டைம்?" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

களைத்துப்போனேன், அத்தான். இனி அந்தப் பப் இருக்கும் தெருவிலும் கால் வைப்பதில்லை என்று கோயிலில் முருகன் முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் வீட்டில் எல்லோருடைய நாக்கும் அடக்கமாக இருக்க அந்த முருகன் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
அம்பலவாணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இராஜேந்திரன் போன் எடுத்தார். "அண்ணை, இருவத்தாறு வருசமா அந்த அடிப்பிடிச்ச பாயசத்தைக் குடிச்சுப்போட்டு அருமை எண்டு சொல்லுறன். நீங்கள் ஒரு வாயிலை சொல்லிப்போட்டியள். பிள்ளையளுக்குப் பிடிச்சிருக்கு, கலியாணம் நடக்கும். மனிசியை நான் சமாளிக்கிறன். ஒண்டு மட்டும், வாற சனிக்கிழமை என்னையும் அங்கை கூட்டிக்கொண்டு போக ஏலுமோ?" சம்பந்தி முதன்முதலாகக் கேட்பதை எப்படித் தட்டுவது? ஓம் என்றுவிட்டேன். போனை வைத்ததும், "ஆர் அது?" என்று குசினியிலிருந்து சிவமலரின் குரல் வந்தது. "சம்மதமாம்" என்றேன். அழுதாள், சிரித்தாள், தேத்தண்ணி தந்தாள். ஆகையால் நீங்கள் போன் எடுக்க வேண்டாம். இவ்வளவும் எழுதிய கையால் கிழிக்க மனமில்லை, வாசித்துவிட்டு நீங்களே கிழித்துவிடுங்கள். உங்கள் தங்கைக்கு நான் இப்போது திருந்திய மனிதன். இன்னும் ஆறு நாளைக்காவது அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.