தபாலம்மாவின் மணிக்கட்டு வலி

நல்ல சவரத்துக்கு மூன்று வேண்டும்: வெந்நீர், பொறுமை, நடுங்காத கை. நல்ல பொய்க்கும் ஏறக்குறைய அதே மூன்றுதான். சலூன்காரரிடம் அன்றைய தேதிக்கு வெந்நீர் மட்டுமே இருந்தது. ஆனாலும் அவர் பொய் சொல்லத் துணிந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. மூன்று மாதமாக அவருடைய வலது மணிக்கட்டு அவர் பேச்சைக் கேட்பதில்லை. காலையில் விறைத்துக்கொள்ளும். கத்தரியைப் பிடித்தால் முள்ளாகக் குத்தும். ரகசியமாக டாக்டரிடம் போனார். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூட்டுவாதம். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை போடுங்க. வேலை செய்யும்போதும் போடணும்."

"போடலாம் சார். கட்டுப் போட்ட கையில கத்தியோட நின்னா எவன் சார் கழுத்தை நீட்டுவான்?"

டாக்டரிடம் இதற்கு மருந்து இல்லை. மனிதன் நம்பிக் கழுத்தை நீட்டுகிற இடங்கள் உலகத்தில் இரண்டே. ஒன்று கல்யாணம், மற்றொன்று சலூன். முதலாவதில் அனுபவப்பட்டவர்கள் இரண்டாவதில் உஷாராகத்தான் இருப்பார்கள். எதிர்வரிசையில் புதிதாக ஒரு கடை வேறு வந்திருக்கிறது. அங்கே இரண்டு கையும் நன்றாக உள்ள ஒரு இளைஞன், வந்தவர்களுக்கெல்லாம் தலையில் தாளம் போட்டு அனுப்புகிறான்.

வீட்டிலும் சொல்ல முடியாது. அவர் மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. தெருவே அவரைத் தபாலம்மா என்றுதான் அழைத்தது. ஆறு வருடமாக அவர் ஒரே பல்லவி பாடுகிறார்: "போதுங்க. கடையை மூடிட்டு வீட்ல இருங்க." கை வலி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அன்று சாயங்காலமே ஷட்டர் இறங்கிவிடும். ஆகவே சலூன்காரர் கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தார்: "ரிப்போர்ட்டை வீட்டுக்கு அனுப்பாதீங்க. கடை விலாசத்துக்குத் தபால்ல போடுங்க."

தம் முன்யோசனையை அவரே மெச்சிக்கொண்டார். கவர் பத்திரமாகக் கடைக்கு வந்தது. படித்துவிட்டு, மழுங்கிய பிளேடுகள் போடும் டப்பாவில் திணித்தார்.

பட்டை வேண்டும், ஆனால் தமக்கென்று வாங்கக்கூடாது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்ததில் யோசனை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தபாலம்மா குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஆரம்பித்தார்.

"உனக்கு மணிக்கட்டு வலிக்குதுல்ல?"

"எனக்கா?"

"பின்ன எனக்கா? நாள் முழுக்க முத்திரை குத்துற கை. வலிக்காம இருக்குமா?"

தபாலம்மா பேனாவை மூடினார். ஸ்டாம்ப் ஒட்டாமல் வந்த கவரைப் பார்ப்பதுபோல் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தம் கையைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஆமாங்க. நீங்க சொன்னப்புறம்தான் தெரியுது. வலிக்கத்தான் செய்யுது."

"எத்தனை நாளா?"

"நீங்களே சொல்லுங்களேன்."

"ஒரு மூணு மாசம் இருக்கும்."

"மூணு மாசமேதான். காலைல விறைச்சுக்கும், இல்ல?"

"ஆமா! அரைமணி நேரத்துக்கு விடாது. சட்டைப் பட்டன்கூடப் போட வராது."

"நான் எங்கங்க சட்டை போடறேன்?"

"சும்மா... பொதுவாச் சொன்னேன்."

இருபத்தெட்டு வருட தாம்பத்தியத்தில் தபாலம்மா வாதாடாமல் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை. வேறொருவராக இருந்தால் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பார். சலூன்காரர் சந்தோஷப்பட்டார். இனிமேல் திட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். மனைவிக்கென்று பட்டை வாங்குவார். அவர் வாங்கி வந்த எதுவும் இதுவரை மனைவிக்குப் பிடித்ததில்லை. குடை, திரைச்சீலை, குக்கர், எதுவுமே. பட்டையும் பிடிக்காது. காசு கொடுத்து வாங்கிய பொருள் வீணாகக் கூடாது என்று அவரே போட்டுக்கொள்வார். கடையில் யார் கேட்டாலும் அதே பதில்தான்.

"கவலைப்படாதே. உலகத்திலேயே சுகமான பட்டையா உனக்குத் தேடிக் கொண்டுவரேன்," என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதுக்கென்ன, மெதுவாத் தேடுங்க. அதுவரைக்கும் இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பாத்திரம் கழுவுறது?"

சலூன்காரரின் நெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது.

அன்று முதல் பாத்திரம் அவர் பொறுப்பு. அதுவும் வெந்நீரில். "பச்சைத் தண்ணில பிசுக்குப் போகாதுங்க. கையை நல்லா முக்கி நிதானமாக் கழுவுங்க. காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம்." மாவு பிசைவதும் அவர்தான். "இறுக்கமா வேணாம், தளரப் பிசைங்க. விரலை மடக்கி, நீட்டி, மடக்கி, நீட்டி." மேசையை வட்டமாகத் துடைக்க வேண்டும், முதலில் இடமிருந்து வலம், பிறகு வலமிருந்து இடம். விடிந்ததும் காபி போட்டுக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அந்த வலிதான் அவருக்குப் பிடிபடவே இல்லை. தண்ணீர் நிறைந்த பக்கெட்டை அவர் தூக்கப்போனால் தபாலம்மா பாய்ந்து பிடுங்கிக்கொள்வார்.

"உனக்குத்தானே வலி?"

"தூக்கினா வலிக்காதுங்க. கழுவினாத்தான் வலிக்கும்."

இறுகிய பாட்டில் மூடியைத் தபாலம்மா ஒரே திருகில் திறந்தார்.

"இது?"

"திருகினாலும் வலிக்காது. துடைச்சாத்தான் வலிக்கும்."

இப்படியொரு வலி எந்த வைத்திய நூலிலும் இருக்காது என்று சலூன்காரருக்குத் தோன்றியது. ஆனால் வலியைக் கண்டுபிடித்தவரே அதைச் சந்தேகிப்பது முறையல்ல என்று சும்மா இருந்தார்.

முதல் பட்டை மருத்துவ உபகரணக் கடையில் கிடைத்தது. கடைக்காரர் அளவு கேட்டார். இவர் தம் கையை நீட்டினார்.

"உங்களுக்கா?"

"வீட்டம்மாவுக்கு."

"கை இவ்வளவு பெருசா இருக்குமா?"

"கவர்மெண்ட் கைங்க," என்றார் சலூன்காரர்.

தபாலம்மா அதை மாட்டிப் பார்த்தார். முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. "எனக்குச் சரிப்படலை," என்றார், எதிர்பார்த்தபடியே. எதிர்பாராதது அதற்கப்புறம் வந்தது. "நீங்க போட்டுப் பாருங்க. எங்க உறுத்துதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை."

சலூன்காரருக்கு உள்ளூர ஆனந்தம். பட்டைக்குள் உள்ளங்கை வரை நீளும் ஒரு உலோகத் தகடு இருந்தது. கொஞ்ச நேரத்திலேயே ஆனந்தம் வடிந்தது.

"தகடு உள்ளங்கையில முட்டுது. விரலை மடக்க முடியலை."

"கட்டைவிரல்?"

"அடிப்பக்கம் தோல் உரியுது."

"சொல்லுங்க, சொல்லுங்க." தபாலம்மா குறுக்கெழுத்து நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

இரண்டாவது பட்டை ரப்பர் மாதிரி. போட்ட அரைமணியில் கை ஆவியில் வெந்தது. கழற்றினால் மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையல். மூன்றாவது துணிப்பட்டை, மெத்தென்று இருந்தது. ஆனால் இறுக்கிக் கட்ட மூன்று கை வேண்டும். பல்லால் கடித்து இழுத்ததில் அவருடைய ஆடுகிற பல் ஒன்று தன் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது, நிரந்தரமாக. ஒவ்வொன்றையும் தபாலம்மா நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு ஒருநாள் நூலை எடுத்துவந்து அவர் கையைச் சுற்றி அளந்தார்.

"உன் வலிக்கு என் கையை ஏன் அளக்கிறே?"

"என் கையை நானே அளந்துக்க முடியுமா? ஒரு குத்துமதிப்புத்தான்."

"என் கை பெருசும்மா."

"எனக்கு வீக்கம் வந்தா ரெண்டும் ஒண்ணுதாங்க."

வீட்டில் இப்படி நாள் ஓட, கடையில் விபரீதம் நடந்தது. பேங்க் வாசலில் காவலுக்கு நிற்கும் மீசைக்காரர் மீசையை ஒதுக்க வந்தார். திருடர்கள் அவருடைய துப்பாக்கியைவிட மீசைக்கே அதிகம் பயந்தார்கள் என்று பேச்சு. கத்தி இடது மீசையில் இறங்கும்போது மணிக்கட்டு சுரீரென்றது. இடது பக்கம் அரை விரல் குறைந்தது. சமன் செய்ய வலது பக்கம் குறைத்தார். வலது பக்கம் கூடுதலாகக் குறைந்தது. நியாயம் வழங்கி வழங்கிக் கடைசியில் பங்கு போடச் சொத்தே மிஞ்சவில்லை.

முன்னாள் மீசைக்காரர் கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். எழுந்து போனார். மறுநாளிலிருந்து பேங்குக்கு வந்தவர்கள் அவரிடம் ஃபாரம் நிரப்பித் தரச் சொன்னார்களாம். ஒருவர் அவரைத் தம்பி என்று கூப்பிட்டிருக்கிறார்.

செய்தி பரவியது. அந்த வாரம் சலூனில் நாற்காலிகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. எதிர்வரிசையில் தாளச்சத்தம் ஓயவில்லை. முப்பது வருடக் கடை, ஒரு மீசையோடு போய்விடும் போலிருந்தது. சாயங்காலம் சலூன்காரர் பாத்திரம் கழுவினார். தபாலம்மா வந்து வெந்நீரை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, முன்னாள் மீசைக்காரர் கடை வாசலில் வந்து நின்றார். சலூன்காரர் நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"வாங்க," என்றார் பலவீனமாக.

"வரத்தான் வந்தேன்," என்று அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மீசை இருந்த இடத்தில் புல் முளைத்த மாதிரி ஏதோ தெரிந்தது. "எதிர்க்கடைக்குத்தான் கிளம்பினேன். தபாலம்மாதான் பிடிச்சு நிறுத்தினாங்க. இன்னைக்குப் பத்து மணிக்கு மேல இங்கயே போங்க, அவர் கை சரியாயிடும்னாங்க."

"அவங்க எப்படி..."

வாக்கியம் முடியவில்லை. தபால்காரர் உள்ளே வந்து ஒரு பார்சலை நீட்டினார். சலூன்காரர் பெயருக்கு. அனுப்பியது கிளினிக்கின் கை சிகிச்சைப் பிரிவு. மூலையில் வட்டமாக, மை கசியாமல், இம்மியும் சாயாமல் ஒரு முத்திரை. ஊரில் அவ்வளவு நேராக முத்திரை குத்துகிற கை ஒன்றே ஒன்றுதான்.

அந்தக் கணத்தில் சலூன்காரருக்கு ஒன்று புரிந்தது. வீட்டுக்கு வரக்கூடாது என்று கடை விலாசத்துக்குப் போடச் சொன்ன ரிப்போர்ட்டும் அதே கையைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. கவரின் மேல் கொட்டை எழுத்தில் 'மூட்டுவாதப் பிரிவு' என்று போட்டிருந்ததும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்தவர் கவரைத் தபாலம்மா பிரிக்கமாட்டார். பிரிக்கவேண்டிய அவசியம் எங்கே?

பார்சலுக்குள் கறுப்பு நிறத்தில் ஒரு பட்டை. அளவு கொடுத்துத் தைத்தது. உள்ளங்கையில் முட்டாத சின்னத் தகடு. கட்டைவிரலுக்குத் தாராளமாக ஒரு வாசல். காற்று வரப் பொடிப்பொடியாகத் துளைகள். பட்டியின் நுனியில், ஒரு விரலை விட்டு இழுக்க ஒரு வளையம், பல்லுக்கு வேலையில்லை. மாட்டினார். யாரோ வந்து மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் முழுசாக மூச்சுவிட்டார். மூச்சு விட்ட பிறகுதான் நாற்காலியில் ஆள் இருப்பது நினைவுக்கு வந்தது. அவசரமாகக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க," என்றார் முன்னாள் மீசைக்காரர். கத்தியைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கழுத்தை நீட்டினார். "இதை முன்னாடியே போட்டிருந்தா என் மீசை பிழைச்சிருக்கும்."

பார்சலில் ஒரு தாளும் இருந்தது. கைப்பயிற்சிக் குறிப்பு. சாயங்காலம் சலூன்காரர் அதைக் கொண்டுபோய் மனைவியின் முன்னால் மேசையில் வைத்தார்.

"வெந்நீரில் கை முக்கிவைத்தல், தினம் இரண்டு வேளை," என்று படித்தார்.

"பாத்திரம்," என்றார் தபாலம்மா, குறுக்கெழுத்திலிருந்து தலை தூக்காமல்.

"மென்மையான உருண்டையை விரல்களால் பிசைதல்."

"மாவு."

"மணிக்கட்டை வட்டமாகச் சுழற்றுதல். இரு திசையிலும்."

"மேசை."

"பளு தூக்குதல், மூடி திருகுதல் கூடாது."

"அதான் நான் தூக்கினேன், நான் திருகினேன்."

சலூன்காரர் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அப்பவே கிளினிக்குக்குப் போய்க் கேட்டுட்டு வந்திருக்கே. நேரா என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? கை நல்லாத்தான் இருக்குன்னு காட்ட அலமாரியைத் தூக்கி இடம் மாத்தியிருப்பீங்க."

அது உண்மைதான்.

"அப்போ... கடையை மூடச் சொல்லலையா?"

"ஓடுற கடையை எதுக்குங்க மூடணும்? பட்டையைப் போட்டுக்கிட்டு, மத்தியானம் ரெண்டு மணிநேரம் மட்டும் ஷட்டரை இறக்கிட்டு வாங்க. கைக்கு ஓய்வு வேணும்னு ஏழாவது வரியில போட்டிருக்கு."

சலூன்காரர் மேசைக்கு மேலாகக் கையை நீட்டினார். மனைவியின் முத்திரை குத்துகிற கையைப் பட்டை போட்ட தம் கையால் பிடித்துக்கொண்டார். தபாலம்மா அதை விடுவித்துக்கொள்ளவில்லை. பேனாவை மட்டும் இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அவருக்கு இடது கையும் எழுதும் என்பது கணவருக்கு அன்றுதான் தெரியவந்தது. எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்தவர், தாளை இன்னொரு தடவை பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, விடிஞ்சதும் கட்டிலுக்குக் காபி கொண்டுவரணும்னு இதுல எங்கயும் காணோமே?"

"அது உங்க வலிக்கு இல்லைங்க, என் வலிக்கு. நாள் முழுக்க முத்திரை குத்துற கை. வலிக்காம இருக்குமா?"