இரும்புக் கங்காணியோடு பெண் பார்க்கப் போன கதை

எழுதுகிறவனை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், பொறுத்துக்கொள்வான். ஆனால் அவன் கதையின் முடிவை மட்டும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பெண் பார்க்க வந்த இடம் என்றுகூடப் பார்க்காமல் வாயைத் திறந்துவிடுவான். நான் திறந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போ நகரத்தில் ஒரு நிறுவனத்தில் புரோகிராமராக இருந்தேன். மூன்று பீரோவை ஒட்டி நிறுத்தியது போல ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஏர்கோன், எங்களுக்கு மின்விசிறி. பகலெல்லாம் அதற்குச் சம்பளக் கணக்குப் போடக் கற்றுக்கொடுப்பேன். மாலையில் தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு விஞ்ஞானக் கதை எழுதுவேன். புனைபெயர் 'விண்வெளி வேந்தன்'. (அதுவரை விமானத்தில்கூட ஏறியதில்லை. உயரமாகப் போனது என்றால் கேமரன் மலைக்கு பஸ்ஸில். அதிலும் வழியெல்லாம் வாந்தி.)

இந்திராணியை ஈப்போ பஸ் நிலையத்தில் பார்த்தேன். தட்டச்சுப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவள், சிலிம் ரிவர் பஸ் எது என்று என்னிடம் கேட்டாள். வேகமாகக் கையை நீட்டினேன். தப்பான பஸ்ஸைக் காட்டியிருக்கிறேன். நல்லவேளை, அவளே விசாரித்துச் சரியான பஸ்ஸில் ஏறிவிட்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அன்றிரவே அக்காவிடம் சொன்னேன். அக்கா எப்படியோ ஆளைக் கண்டுபிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைச் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு இழுத்துப் போனாள்.

அன்று காலைதான் என் கதை 'இரும்புக் கங்காணி' வெளியாகியிருந்தது. தோட்டத்தை நடத்தும் தொரை ஒரு பொத்தானை அழுத்துவார். இரும்பு மனிதன் ஒன்று தோட்டம் முழுக்க ரப்பர் மரங்களைக் கீறிப் பால்வெட்டி முடித்துவிடும். சனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறிப் போவார்கள்.

இந்திராணியின் அப்பா மாணிக்கம் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். வாசலில் வரவேற்றார், ஆனால் முகத்தில் களையே இல்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. காலையிலேர்ந்து தோட்டமே கொதிச்சுப் போயி கெடக்கு. பேப்பர்ல போட்டுட்டான்லா! மெஷின் மனுசன் வாரானாம், நம்மள எல்லாம் ரயில் ஏத்தி வெரட்டப் போறாங்களாம்."

கேசரித் தட்டை அப்படியே கீழே வைத்தேன். விஷயம் இதுதான். கோப்பிக் கடையில் பேப்பரை உரக்கப் படித்தவர், தலைப்புக்கு மேலே சின்ன எழுத்தில் இருந்த 'சிறுகதை' என்ற சொல்லைத் தாண்டிவிட்டார். போன வாரம்தான் யாரோ இரண்டு பேர் வந்து மரங்களையெல்லாம் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டும் பொருந்திப்போயிற்று.

விண்வெளி வேந்தன் நான்தான் என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். 'மூச்சு விடாதே' என்று கண்ணாலேயே மிரட்டினாள்.

"எழுதுன பய மட்டும் கையில கெடச்சான், வெரல முறிச்சிருவேன்" என்றார் மாணிக்கம்.

"முறிக்கணும் மாமா" என்றேன் நான். (அடப்பாவி!)

இந்திராணி கோப்பி கொண்டுவந்தாள். என்னைப் பார்த்ததும் பஸ் ஞாபகம் வந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். போதும், கல்யாணமே முடிந்த மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியே கும்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். விதி யாரை விட்டது? மாணிக்கம் மறுபடி ஆரம்பித்தார்.

"அதுலயும் பாருங்க, நம்ம சனங்க ரயில் ஏறுறப்ப அந்த இரும்புச் சனியன் பல்லக் காட்டிச் சிரிக்குதாம்லா!"

சிரிக்கிறதா? ராப்பகலாக அடித்துத் திருத்தி எழுதிய முடிவு அது!

"சிரிக்கல மாமா, அழுவுது. எடது கண்ணுலேர்ந்து ஒரே ஒரு சொட்டு ரப்பர்ப்பால் வடியுது. கதைக்கே அதான் உசிரு!"

அக்கா தொடையில் கிள்ளினாள். எனக்கு உறைக்கவே இல்லை.

"நீங்களும் படிச்சீங்களா தம்பி?"

"படிக்கிறதா? எழுதுனதே நான்தான்!"

அதையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

மாணிக்கம் மெல்ல எழுந்தார். "கொம்பியூட்டர் ஆபீஸ்ல வேல. அப்ப எல்லாத்தையும் உள்ளுக்குள்ள இருந்து பாத்துட்டுத்தான் எழுதிருக்கீங்க!"

அதுவரை வதந்தி, இப்போது சாட்சியே கையில். விறுவிறுவென்று போய்ப் பெரட்டுக் களத்து மணியை அடித்துவிட்டார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் மணி அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடித்தால் சும்மா இருப்பார்களா? தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் மொத்தமும் ஓடிவந்தன. பெல்பாட்டமும் டையுமாக என்னை ஒரு பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார்கள்.

"அண்ணே, அக்கா, எல்லாரும் கேளுங்க! அது கற்பனை. எங்க ஆபீஸ் கொம்பியூட்டருக்கு ஏர்கோன் நின்னா மயக்கம் வந்துரும். அது எப்படிக் கொசுக்கடியில வந்து பால்வெட்டும்?"

சிரித்தார்கள். பாதி நம்பினார்கள். அப்போது முன்னால் நின்ற ஓர் அம்மாள் கேட்டார்: "எப்ப வருதுன்னு மட்டும் சொல்லுய்யா. தையில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்."

சுருக்கென்றது. பெஞ்சை விட்டு இறங்கி ஓடிவிடலாம் போல வெட்கமாக இருந்தது. ஆனால் கூடவே, எப்படிச் சொல்ல, உடம்பெல்லாம் புல்லரித்தது! ஒரு தோட்டமே என் கதையை நம்பியிருக்கிறது! (அதுவரை எனக்கு இரண்டே வாசகர்கள்: அக்கா, பத்திரிகையில் பிழை திருத்துபவர்.)

"வராதும்மா, சத்தியமா வராது" என்றேன்.

மாணிக்கம் தீர்ப்புச் சொன்னார். "வாயால சொன்னா பத்தாது. அடுத்த ஞாயித்துக்கெழம அந்த மெஷின் கெட்டுப்போச்சுன்னு பேப்பர்ல போடுங்க. அப்புறம் கல்யாணப் பேச்சு பேசலாம்."

எழுத்தாளனின் சுதந்திரம் பற்றி நான் வாயெடுப்பதற்குள் கூட்டத்திலிருந்து இந்திராணியின் குரல் வந்தது.

"அப்பா, கெட்டுப்போச்சுன்னு எழுதுனா தொரை ரிப்பேர் பண்ணிருவாரு. சங்கத்துல சேந்துருச்சுன்னு எழுதச் சொல்லுங்க."

களமே கைதட்டியது. நானும் தட்டினேன். என் மூளைக்கு ஏழு ஜென்மத்திலும் எட்டாத முடிவு அது!

மறு ஞாயிறு இரும்புக் கங்காணி சங்கத்தில் சேர்ந்தது. எண்ணெய் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது. ரயிலேறிய சனங்கள் திரும்பி வந்தார்கள். கோப்பிக் கடையில் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். கல்யாணமும் நடந்தது. அன்றிலிருந்து என் கதைகளை முதலில் படிப்பவள் அவள்தான், முடிவைத் திருத்துபவளும் அவள்தான். ஊர்ப்பட்ட இயந்திர மனிதர்களைப் படைத்துவிட்டேன், ஒன்றாவது யார் வேலையிலாவது கைவைத்ததா என்றால், இல்லை.

தோட்டத்தைத்தான் காப்பாற்ற முடியவில்லை. எண்பதுகளில் அதை விற்றுவிட்டார்கள். சனங்களை அனுப்ப இரும்பு மனிதன் தேவைப்படவில்லை, தொரையின் கையெழுத்தே போதுமாக இருந்தது. மாமா எங்களோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார். பல நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குச் சலவை இயந்திரம் வந்தது. மாமா எழுந்து வந்தார். அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மூடியில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

"மாப்பிள, இது சங்கத்துல சேந்துருச்சா?"

"சேந்தாச்சுப்பா!" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் இந்திராணி.

அந்த மாதத்தில் மாமா முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். இப்போது அவர் இல்லை. ஆனாலும் வீட்டுக்குப் புதுசாக என்ன வந்தாலும் எங்கள் பேரப்பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். யாராவது "சேந்தாச்சு" என்று சொல்லும்வரை சுவிட்சைத் தட்ட விடமாட்டார்கள்.