கன்னத்தில் விரலைத் திருகும் இத்தாலி

நான் பத்தாவதோடு நின்றவன். பஸ்ஸில் என் காலை மிதிப்பவரிடம்கூட ‘கொஞ்சம் எடுங்க’ என்று சொல்ல வாய் வராத கூச்சக்காரன். இப்படிப்பட்டவன் உங்கள் முன்னால் பேனாவைத் தூக்கிக்கொண்டு வருவது கொஞ்சம் அதிகம்தான். மன்னித்துவிடுங்கள். எங்கள் கம்பெனி பஸ்ஸில் இதை எழுத வேறு ஆள் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் தூங்குகிறார்கள்.

இத்தாலி தேசத்தை அந்த நாட்டுக்காரர்களைவிட அதிகமாக நேசித்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு முன்னால் குடியிருக்கிறார். மறைமலைநகரில் கார் பிரேக் பாகங்கள் செய்யும் எங்கள் கம்பெனியில் வேலை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அது புழக்கத்தில் இல்லை. எல்லோருக்கும் அவர் ‘இத்தாலி’.

எல்லாம் ஒரு மெஷினால் வந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இத்தாலியிலிருந்து ஒரு பிரஸ் மெஷின் வந்தது. அதைப் பொருத்த அந்த ஊர் மெக்கானிக் ஒருவரும் வந்தார். இவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. மெக்கானிக் பாடிக்கொண்டே நட்டு முடுக்குவார், கையை வீசி வீசிப் பேசுவார். ஊருக்குத் திரும்பும்போது தன் பாட்டு கேசட்டை இவர் கையில் திணித்துவிட்டுப் போனார். மெஷின் பழசாகி எடைக்குப் போய்விட்டது. இவரைப் பிடித்தது மட்டும் விடவில்லை.

பாஷையையே அவர் பாட்டுகளில்தான் கற்றார். “செல்போன்ல பாடம் இருக்குதே அண்ணாத்த” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“அத்த ஏன் கேக்கற மச்சான்? ‘ரயில்வே ஸ்டேஷன் எங்க கீது’ன்னு சொல்லித் தர்றான். ஸ்டேஷன் எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா? என் வூட்டுக்கு எதுத்தாப்லதான கீது!”

இதைச் சொல்லும்போது வீசிய கை என் விலாவில் பட்டது. தினமும் படும். அவர் பக்கத்து சீட்டு என்னுடையது.

வீட்டில் பாஸ்தா செய்யக் கோதுமை மாவைப் பிசைந்து இடியாப்ப அச்சில் பிழிவார். மொட்டை மாடித் துணிக்கொடியில் நீள நீளமாகக் காயப் போடுவார். காக்கா விரட்டுவது அவர் மனைவி ஜெயமேரி அக்காவின் டியூட்டி. “என் பொடவைய காய வெக்க எடம் இல்ல. கொடி பூரா இத்தாலி தொங்கிகினு கீது!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார் அக்கா.

ஆலிவ் எண்ணெய் மெடிக்கல் ஷாப்பில்தான் கிடைக்கும், குழந்தைக்குத் தேய்த்துவிட விற்பது. “கொழந்தைக்கு எத்தினி மாசம் சார்?” என்று கடைக்காரர் அக்கறையாகக் கேட்டார். “கொழந்தையே நான்தாம்ப்பா. சோத்துல ஊத்திக்க” என்றார் இவர். கடைக்காரர் அன்று சில்லறை கொடுக்கவே மறந்துவிட்டார்.

பஸ்ஸில் யாராவது சேமியா உப்புமா டப்பாவைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “இப்டியா துண்டு துண்டா ஒடிப்பீங்க? கொலகாரப் பசங்களா!”

எல்லாவற்றையும்விடப் பெயர் வாங்கியது அவருடைய ஒரு சைகை. சாப்பாடு ருசியாக இருந்தால், ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் ஊன்றி ஸ்குரூ முடுக்குவதுபோலத் திருகுவார். இத்தாலியில் அப்படித்தானாம். மெக்கானிக், கேன்டீன் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அப்படித்தான் திருகினாராம். இவர் முதல்முதலாகத் திருகியபோது கேன்டீன்காரர் பல்வலி என்று நினைத்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். அதிலிருந்து பஸ்ஸில் எல்லோருக்கும் அது விளையாட்டாகிவிட்டது. போனஸ் வந்தால் திருகு, பஸ் டயர் வெடித்தால் திருகு. இந்தக் கேலியில் முன்னால் நிற்பவர் டிரைவர் தாஸ். “யாரும் போவாத ஊரப் பத்தி இன்னா வேணா வுடலாம்பா. இவுரா கண்டுபுடிச்ச சைகை இது” என்பார்.

இத்தாலியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒருநாள் சாயங்காலம், பொத்தேரி சிக்னலில் பஸ் நின்றபோது, என் காதருகே குனிந்தார்.

“மச்சான், ஒருவேள அன்னிக்கி அந்த மெக்கானிக்குக்கு நெஜமாவே பல்லு வலியா இருந்திருக்குமோ?”

நான் கூச்சக்காரன். ஜன்னலைப் பார்த்தேன்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் செக்‌ஷன் குடும்பத்தோடு மாமல்லபுரம் டூர் போனது. கடற்கரைச் சவுக்கு நிழலில் பாய் விரித்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி, கைடு ஒருவரோடு உட்கார்ந்திருந்தார்கள். தாஸ் போய் விசாரித்துவிட்டு ஓடி வந்தார்.

“யோவ் இத்தாலி! உங்க ஊர்க்காரங்கய்யா! வந்து பேசு!”

இத்தாலி டிபன் கேரியர் மூடியைத் திறந்தார், மூடினார். “வேணாம்பா. அவங்க டயர்டா இருப்பாங்க. இன்னொரு நாளைக்கிப் பாத்துக்கலாம்.”

“இத்தினி வருஷம் என் கொடியப் புடிச்சிகினு இருந்தியே, போய்யா!” என்று ஜெயமேரி அக்கா அவரைக் கிளப்பினார்.

போனார். நாங்கள் அத்தனை பேரும் பின்னால். அந்த அம்மாவின் முன் நின்று, நெஞ்சில் கை வைத்து, கணீரென்று இத்தாலிய பாஷையில் இரண்டு வாக்கியம் சொன்னார். கிழவர் எழுந்து நின்றுவிட்டார். கைடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அண்ணாத்த, ‘விடியறதுக்குள்ள உன் மடியில உசுர வுட்ருவேன்’னு சொல்றீங்க. வூட்டுக்காரர் பக்கத்துலயே கீறாரு!”

பாட்டில் வருவதுதானே அவருக்குத் தெரியும். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ மடமடவென்று கேட்டார். இத்தாலிக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கரண்ட் போன வீடுபோல ஆகிவிட்டது அவர் முகம். “நான் சொல்லல? பல்லு வலி கேஸ்தான்” என்றார் தாஸ். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அப்போது ஜெயமேரி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கொடியில் காய்ந்ததை வீட்டிலேயே வேகவைத்து, இறால் தொக்கில் புரட்டியிருந்தார். ஒரு பேப்பர் தட்டில் வைத்து அந்த அம்மாவிடம் நீட்டினார். “சாப்புடும்மா. பேச்சு கெடக்குது.”

அந்த அம்மா பிளாஸ்டிக் ஃபோர்க்கால் சுற்றி எடுத்து வாயில் போட்டார். மென்றார். கடலைப் பார்த்தார். மறுபடி சுற்றினார். கண்ணில் நீர் கட்டியது. அது தொக்கின் காரமாக இருக்கலாம். பிறகு, யாரும் கேட்காமலே, ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் ஊன்றித் திருகினார். கிழவரும் அதே தட்டில் ஒரு வாய் எடுத்தார். அவரும் திருகினார்.

பிறகு தாஸ் மெதுவாகத் தன் விரலைக் கன்னத்துக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை கிண்டல் இல்லை. அவரைப் பார்த்து எல்லோரும், குழந்தைகள் உட்பட, திருகினோம். கைடும் திருகினார், அவர் எதையும் சாப்பிடவேயில்லை என்றாலும்.

அதன்பிறகு இத்தாலி பாடினார். கிழவர் தப்புத் தாளம் போட்டார். தட்டு காலியானது.

திரும்பும்போது பஸ் செங்கல்பட்டைத் தாண்டியது. அப்புறம் என் விலாவில் கை பட்டது.

“பல்லு வலி இல்ல மச்சான்.”

“இல்ல அண்ணாத்த” என்றேன். நானாக வாய் திறந்து சொன்னேன்.

அவர் லீவு போடுகிற நாட்களில் என் விலாவில் எதுவும் படாது. பஸ்ஸும் இத்தாலி வழியாகப் போகாமல் மறைமலைநகருக்கு மட்டும்தான் போகும்.

மறுநாள் திங்கட்கிழமை. பஸ் கொஞ்சம் தாமதமாக வந்தது. என் டப்பாவில் சேமியா உப்புமா இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.