சோபாவைக் காப்பாற்ற ஒரு வெப்சைட்

இந்த உலகத்தில் என்னுடையது என்று நெஞ்சில் கைவைத்து நான் சொல்லக்கூடிய ஒரே பொருள், எங்கள் முன்னறையில் கிடந்த சோபா. வீடு மனைவி பேரில். வண்டிச் சாவி மனைவி கையில். சம்பளமோ கைக்கு வந்த வேகத்தில் அவளிடம் ஓடிவிடும். சோபா மட்டும்தான் என்னை விட்டுப் போனதில்லை. அதன் நடுவில் விழுந்திருந்த பள்ளம் என் உடம்புக்கே அளவெடுத்தது. வேறு யார் உட்கார்ந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளிவிடும். அவ்வளவு விசுவாசம்.

நான் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். நின்றே பார்க்கிற வேலை. லாரி வரும், நிற்பேன். லாரி போகும், நிற்பேன். லாரி வராவிட்டால், ஏன் வரவில்லை என்று வாசலில் போய் நிற்பேன். இப்படி வாரம் முழுக்க நின்றவன் ஞாயிற்றுக்கிழமை மதியம் படுக்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்.

அப்படி நான் படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் மனைவி அளவு நாடாவோடு வந்தாள். வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறவள். திரைச்சீலை, தலையணை உறை, மேஜை விரிப்பு எல்லாம் தைப்பாள். நாடாவை என் தலைமாட்டில் வைத்து இழுத்தாள். அடடா, எனக்குத்தான் ஏதோ புதுச்சட்டை என்று நானும் ஒத்தாசையாகக் கையை விரித்துக் கொடுத்தேன்.

"கைய மடக்குங்க. சோபாவ அளக்கணும்."

"அதுக்குப் புது உறை தைக்கப் போறியா?"

"இல்ல. இது போனா எவ்வளவு இடம் கிடைக்கும்னு பாக்குறேன்."

எனக்குத் தூக்கம் போயே போய்விட்டது. "எங்க போகுது சோபா?"

"எங்கயோ போகட்டும். இங்க துணி வெட்டுற மேஜை வரணும். பின்னறை ஒரே இருட்டு. துணிய வெட்டுறேனா, விரல வெட்டுறேனான்னே தெரியல. துணி பாக்க வர்றவங்க உக்காரக்கூட இடமில்லாம நின்னுட்டே போறாங்க."

"உக்கார சோபா இருக்கே!"

"அதுலதான் நீங்க இருக்கீங்களே."

ஆபத்து வரும்போதுதான் என் மூளை வேலை செய்யும். மற்ற நேரங்களில் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

"இந்தக் காலத்துல யாரும்மா வீடு தேடி வந்து துணி பாக்குறா? போன்லயே பாத்து, போன்லயே வாங்குறாங்க. உனக்கு வேண்டியது மேஜை இல்ல. வெப்சைட்!"

அவள் நாடாவைச் சுருட்டியபடி யோசித்தாள். "நல்லாத்தான் இருக்கு. என் தம்பிகிட்ட சொன்னா பண்ணிக் குடுப்பான்."

அவள் தம்பி பேச்சு வந்தாலே எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். "உன் தம்பி எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்? நானே பண்றேன். அதுவும் இலவசமா. ஒரு பைசா செலவில்லாம!"

"உங்களுக்கு கோடிங்கெல்லாம் தெரியுமா?"

"கோடிங் எதுக்கு? இப்பல்லாம் ஒண்ணுமே தெரியாதவன்கூட வெப்சைட் பண்ணலாமாம்."

"அப்படின்னா உங்களால முடியும்" என்றாள். பாராட்டா, திட்டா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பேரம் பேசி முடித்தோம். மாதம் முடிவதற்குள் வெப்சைட் வழியாக ஓர் ஆர்டர், ஒரே ஓர் ஆர்டர் வந்துவிட்டால், சோபாவை அவள் தொடக்கூடாது. வராவிட்டால் மேஜை வரும், சோபா வெளியேறும். கூடவே நானும் வெளியேறுவேனா என்பது பற்றிப் பேசவில்லை.

இலவசமாக வெப்சைட் கட்டித் தருகிற இடம் ஒன்றைப் போனில் தேடிப் பிடித்தேன். 'உங்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம்' என்று முதல் வரியிலேயே போட்டிருந்தான். என்னை எங்கோ பார்த்திருக்கிறான் போல. ரெடிமேட் வெப்சைட்டுகளை வரிசையாக அடுக்கிவைத்திருந்தான். பிடித்ததை எடுத்து, அவன் படத்தைத் தூக்கிவிட்டு நம் படத்தைப் போட்டால் தீர்ந்தது. அவற்றில் இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்ததுதான் லட்சணமாக இருந்தது. அதையே எடுத்தேன். அது கேக் கடைக்காகச் செய்தது என்பதை நான் கவனித்தேன். கவனித்து என்ன பயன்? நிறம் நன்றாக இருந்ததே.

"இங்க பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரொம்ப சுலபம். படத்தப் பிடி. இழு. விடு. அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடப் பண்ணிடும்."

"பிடி, இழு, விடு" என்று அவளும் பாடம் படிப்பதுபோலச் சொல்லிப் பார்த்தாள். "புதுசா ஒரு சாமான் சேக்கணும்னா?"

"இந்தக் கூட்டல் குறிய அமுக்கு. படம் போடு. பேர் போடு. விலை போடு. ஆச்சு. பாஸ்வேர்ட நீ ஞாபகம் வெச்சுக்க. எனக்கு மறந்துடும்."

என் குழியை நானே வெட்டியதுமல்லாமல், மண்வெட்டியையும் அவள் கையில் கொடுத்தது அந்த நிமிடம்தான். அப்போது எனக்குத் தெரியவில்லை. பெருமையில் நெஞ்சு விம்மிக் கொண்டிருந்தது.

அடுத்தது படம் எடுக்கும் படலம். திரைச்சீலையை எங்கே தொங்கவிட்டுப் படம் பிடிப்பது? வீட்டில் பார்க்க லட்சணமான இடம் ஒன்றுதான். திரைச்சீலையைச் சோபாமேல் விரித்தேன். தலையணை உறைகளைச் சோபாவில் சாத்தினேன். மேஜை விரிப்பையும் சோபாமேலேயே போட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் சோபா மணப்பெண்போல ஜொலித்தது. துணிகள் ஏதோ அதைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் மாதிரி ஓரமாகத் தெரிந்தன.

வெப்சைட் தயாரானது. சில சில்லறைக் குறைகள் மட்டும் பாக்கி.

"என்னங்க, திரைச்சீலை ஆர்டர் பண்ணா 'முட்டை சேர்க்கலாமா, கூடாதா'ன்னு கேக்குதே?"

"அது கேக் கடைக்காரன் கேள்வி. போகமாட்டேங்குது. சேர்க்க வேண்டாம்னு அமுக்கினா சரியாயிடும்."

"'மேலே என்ன எழுத வேண்டும்?'னு வேற கேக்குது."

"எழுதட்டுமே. ஆசையா ஏதாவது எழுதுவாங்க."

"தலைப்புல பெருசா 'வீடு தேடி வரும், டெலிவரி முற்றிலும் இலவசம்'னு இருக்கே. யாருங்க கொண்டு போய்க் குடுக்கிறது?"

அதையும் அழிக்கத்தான் பார்த்தேன். அழிக்க அழிக்க எழுத்து பெரிதானது. "ஒரு தலையணை உறை. சட்டைப்பையில வெச்சு நானே கொண்டு போய்க் குடுத்துட மாட்டேனா?" என்றேன் கம்பீரமாக.

வெப்சைட்டை ஊருக்கெல்லாம் அனுப்பினேன். ஆர்டர் வரவில்லை. போன்தான் வந்தது. முதல் அம்மாள் கேட்டாள்: "அந்த நீலத் திரைச்சீலைக்கு அடியில இருக்கே, சோபா, அது என்ன விலைங்க?" இரண்டாவது ஆள்: "தலையணை வேண்டாம். அதுக்குப் பின்னால இருக்கிறது கிடைக்குமா?" மூன்றாவது ஆளுக்கு உண்மையாகவே கேக் வேண்டும்.

நான் ஒவ்வொரு போனையும் வைத்துவிட்டுச் சோபாவைத் தட்டிக் கொடுத்தேன். "பாத்தியா, ஊரே உன்மேல கண்ணு வைக்குது" என்றேன் அதனிடம். தைத்துக்கொண்டிருந்த என் மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி தைத்தாள். அந்த ஒரு நிமிடத்துக்கு நான் அப்போதே அர்த்தம் கேட்டிருக்க வேண்டும்.

மாதம் முடியப் போனது. கிடங்கில் நிற்கும்போதெல்லாம் முதுகு கேட்டது, இனிமேல் நான் எங்கே போவேன் என்று. வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரை மதில் ஓரமாகக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். அவர் வீட்டிலும் அவர் பேச்சுக்கு என் வீட்டில் என் பேச்சுக்கு இருக்கும் மதிப்புதான். அந்த ஒற்றுமையில் வளர்ந்த நட்பு.

"அண்ணே, ஒரு உதவி. எங்க வெப்சைட்டுல ஒரே ஒரு தலையணை உறை ஆர்டர் பண்ணுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"எனக்கு எதுக்கு தம்பி தலையணை உறை?"

"தலையணைக்குத்தான் அண்ணே. என் சோபா உங்க கையில இருக்கு."

"ஐயோ பாவம்" என்றார். "இன்னைக்கு சாயங்காலமே போட்டுடறேன். கவலப்படாதீங்க."

சாயங்காலம் நான் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனைப் பார்த்தபடி காத்திருந்தேன். ஒரே ஒரு பயம். ஆர்டர் பக்கத்து வீட்டிலிருந்து வந்தால் மனைவி சந்தேகப்படுவாளே? 'இதெல்லாம் செல்லாது, நீங்க சொல்லிப் போட வெச்சது' என்று மல்லுக்கு நிற்பாளே? அதற்கும் முன்கூட்டியே ஓர் அணை கட்டினேன்.

"இங்க வாம்மா. ஒரு விஷயம் பேசி முடிச்சுக்குவோம். ஆர்டர் வந்தா வந்ததுதான். யாரு போட்டாங்க, ஏன் போட்டாங்கன்னு குறுக்குக் கேள்வி கேக்கக் கூடாது. எது கேட்டாலும் மறுக்காம குடுத்துடணும். சரியா?"

"எது கேட்டாலுமா?"

"எது கேட்டாலும்!"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நானா மாறுவேன்? நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்."

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் போல என்று நினைத்தேன்.

டிங்!

போனில் மணி அடித்தது. 'வாழ்த்துக்கள்! உங்கள் முதல் ஆர்டர்! ஏற்கிறீர்களா?' நான் துள்ளி எழுந்தேன். ஏற்கிறேனாவது! கட்டைவிரல் நசுங்குகிற மாதிரி 'ஏற்கிறேன்' என்று அமுக்கினேன். "வந்துடுச்சு! ஆர்டர் வந்துடுச்சு! உன் தம்பிகிட்ட சொல்லு! சோபா பொழச்சுது!"

"என்ன ஆர்டருங்க?" என்றாள் அவள், ஒன்றும் தெரியாத குழந்தைபோல.

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தேன்.

"பொருள்: மூன்று பேர் உட்காரும் சோபா. எண்ணிக்கை: ஒன்று. டெலிவரி: பக்கத்து வீடு. முட்டை: வேண்டாம். மேலே எழுத வேண்டியது: நன்றி தம்பி."

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அப்போதும் முட்டை இல்லாத சோபாதான். வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். தலையணை உறைக்கும் மேஜை விரிப்புக்கும் நடுவே, வாயைப் பிளந்து தூங்கும் நான். எனக்குக் கீழே சோபா. அதன் கீழே, 'படத்தில் உள்ள மனிதர் விற்பனைக்கு அல்ல' என்று ஒரு குறிப்பு.

"யாரு இதப் போட்டது?"

"நான்தான். கூட்டல் குறிய அமுக்கு, படம் போடு, பேர் போடு, விலை போடுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நல்ல வாத்தியாருங்க நீங்க."

"இது அநியாயம்! அண்ணன் தலையணை உறை கேக்கத்தானே..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அண்ணன் உறை கேப்பாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தேன்.

"யாரு போட்டாங்க, ஏன் போட்டாங்கன்னு கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. அதனால நான் கேக்கல."

மதிலுக்கு ஓடினேன். மருந்துக்கடைக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "மன்னிச்சுக்குங்க தம்பி. நான் உறைதான் தேடிட்டிருந்தேன். 'தலையணை உறைன்னா என்னன்னே தெரியாத மனுஷன், இன்னைக்கு என்ன புதுசா?'ன்னு உங்க அண்ணி போனப் பிடுங்கிட்டா. அவளுக்கு முதல்லயே சொல்லி வெச்சிருக்காங்க போல."

"யாரு?"

அவர் என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

திரும்பி வந்தால் முன்கதவு இரண்டும் அகலத் திறந்திருந்தது. என் மனைவி சோபாவிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "நீங்கதாங்க ஜெயிச்சீங்க" என்றாள் தாராளமாக. "வெப்சைட்டுல ஆர்டர் வந்துடுச்சு. இனிமே இந்தச் சோபாவ நான் தொடவே மாட்டேன். சொன்ன சொல்லு. நீங்களே கொண்டு போய்க் குடுத்துடுங்க. டெலிவரி முற்றிலும் இலவசம்."

"இத நான் ஒருத்தனா எப்படித் தூக்குறது?"

"சுலபங்க. பிடிங்க. இழுங்க. விடுங்க."

பிடித்தேன். இழுத்தேன். விடத்தான் மனமில்லை. படியில் ஒரு முறை அழுகை வந்தது; சோபா காலில் விழுந்ததால் என்று சமாளித்தேன். மருந்துக்கடைக்காரர் இடுப்பு வலி என்று சொல்லி ஒரு கை பிடிக்காமல், வலிக்குத் தடவும் களிம்பு மட்டும் நீட்டினார். ஒருவழியாக அவர்கள் முன்னறையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். என் வீட்டில் சோபா இருந்த இடத்துக்கு மேஜை வந்து இறங்கும் சத்தம் மதில் தாண்டிக் கேட்டது. சோபா விற்ற காசில் வாங்கிய மேஜை. கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள்.

சோபா சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டியது டெலிவரி செய்கிறவன் கடமை இல்லையா? ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நின்றது. சாய்ந்து பார்த்தேன். தாங்கியது. கடைசியாக ஒரே ஒரு முறை என்று படுத்தும் பார்த்தேன். பள்ளம் என்னை அடையாளம் கண்டுகொண்டது.

டிங்! கண் விழித்தபோது எதிர்ச் சுவரில் வேறு வீட்டுக் காலண்டர். கையிலிருந்த போனில், வெப்சைட்டின் முதல் வாடிக்கையாளர் கருத்து வந்திருந்தது:

'சோபா மிக அருமை. ஆனால் கொண்டுவந்த ஆள் அதிலேயே படுத்துக் குறட்டை விடுகிறார். தயவுசெய்து வந்து எடுத்துப் போகவும்.'

அதன் கீழே கடை உரிமையாளரின் பதில்:

'விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டாது.'